தலைக்கு மேல் பறந்த பழம்

கிழக்கு வெளுக்குமுன் விழித்துக்கொள்ளும் கீழைநாட்டுப் பேராறு ஒன்றின் கிளையில், சேறு கரைந்த செந்நீர் படித்துறையின் அடிக்கல்லை நக்கிக்கொண்டு நகர, ஆகாயத்தாமரைத் திட்டுகள் உரியவர் இல்லாத தீவுகளைப் போல மிதந்து போக, புத்தாண்டுக்கு முந்திய நாள்களுக்கே உரிய நெருக்கடியுடன், கழுத்தளவு தர்ப்பூசணி சுமந்த தோணிகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. முகப்பில் தீட்டிய பெருங்கண்கள் உறக்கமற்றவர் கண்களாய் விழித்திருந்தன. கரையோரக் கடைகளில் மீன்சாறு கொதிக்கும் மணமும், எந்திரங்கள் கக்கிய எண்ணெய்ப் புகையும், அழுகிய பழத்தின் புளித்த வாடையும் ஒன்றாய்க் கலந்து எழுந்தன. படிப்போரே, இக்காட்சியை அழகென்று சொல்வோர் உண்டு; அவர்கள் அங்கே சுமை ஏற்றியவர் அல்லர்.

தோணியின் வயிற்றிலிருந்து கரைமேல் நிற்கும் வண்டிவரை ஆட்கள் வரிசையாய் நின்று, பழத்தை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு எறிந்து ஏற்றுவதே அத்துறையின் வழக்கம். எறிபவர் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. பழகிய தொலைவைக் கையே அளந்துகொள்ளும். பழத்தை நழுவவிட்டவரை வரிசை முழுதும் வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்க்கும். ஏசி முடித்ததும், நழுவவிட்டவரே அதைப் பிளந்து, ஒவ்வொருவர் வாயிலும் தம் கையால் ஊட்டிவிட வேண்டும். முதுகு ஒடியும் அவ்வேலையில் அவர்களுக்கு வாய்த்த விருந்தும் விளையாட்டும் அதுவே.

அவ்வரிசையில், தோணியின் விளிம்பில் நிற்கும் தலைவன் லுவோங்குக்கும், மேற்படியில் நிற்கும் இளையவள் லியூவுக்கும் இடையே, தோவா என்பவளின் இடம் இருந்தது. காசநோய் அவளைப் படுக்கையில் தள்ளி, தசையை அரித்து, எலும்பின்மேல் தோலை மட்டும் போர்த்திவிட்டு, பல திங்கள் கழித்தே விட்டகன்றது. படுத்திருந்த காலமெல்லாம் அவள் ஏங்கியது பஞ்சணைக்கும் பாலுக்கும் அன்று. அந்தப் படியில் மீண்டும் நின்று, மற்றவரைப் போல ஏச்சு வாங்கி, மற்றவரைப் போல ஊட்டினால்தான் நோய் தன்னை விட்டுப் போயிற்றென்று நம்ப முடியும் என எண்ணிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா தோவா? ஒடம்பு எப்படி இருக்கு?" என்றான் லுவோங், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் நின்றபடியே.

"தேறிட்டேன்ணே. இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க."

"நல்லது, நல்லது. நீ மெல்லவே செய்யி."

அந்த 'மெல்ல' என்னும் சொல் அவளுக்குக் கசந்தது. எனினும் தன் படியில் போய் நின்று, கால்களை அகற்றி, கைகளை ஏந்தினாள். முதற்பழம் எழும்பிற்று. எழும்பி, அவள் விரல்களை அணுகாமல், தலைக்குமேல் வளைந்து பறந்து, லியூவின் மார்பில் போய் அடைந்தது. அவள் இல்லாத காலத்தில் லுவோங்கின் கை அவ்விடத்தைத் தாண்டி எறியப் பழகிவிட்டிருந்தது. வெறும் காற்று நிற்கும் இடத்தில் ஒருத்தி வந்து நிற்கிறாள் என்பதை அது இன்னும் அறியவில்லை.

"ஐயோ, மன்னிச்சுக்க தங்கச்சி! கை பழகிப்போச்சு" என்று பதறினான் அவன். லியூவும் தலை குனிந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்னர் வந்த பழங்கள் குழந்தைக்கு உருட்டிவிடும் பந்தென மென்மையாய் வந்தன. வரிசையே அவளுக்காகத் தளர்ந்தது. அம்மென்மையினாலேயே தாளம் தவறிய அவள் கை ஒரு பழத்தை நழுவவிட, அது கற்படியில் விழுந்து செக்கச்செவேலென வெடித்தது. தோவா காத்திருந்தாள், மழைக்குக் காத்திருக்கும் நாற்றைப் போல. ஏச்சு வரவில்லை. "பரவாயில்ல, விடு" என்று எவரோ முணுமுணுத்தனர்.

அவள் வழக்கப்படி பழத்தைப் பிளந்து, முதல் துண்டை லியூவின் வாயருகே நீட்டினாள்.

"இப்பத்தான் கஞ்சி குடிச்சேன்க்கா. வயிறு திம்முன்னு இருக்கு."

அடுத்தவனுக்குப் பல்வலி. அதற்கடுத்தவள் காதில் விழாதவள் போல் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். லுவோங் ஆற்றைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அத்துண்டைத் தானே தின்றாள் தோவா. அது இனித்ததா என்பதை அவள் நாக்கு அறியவில்லை.

இளைப்பாறும் வேளையில் தேநீர் வந்தது. ஒரே குவளையை எல்லாரும் மாற்றி மாற்றி மொண்டு குடிக்கும் அவ்விடத்தில், அன்று கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிய புதுக்குவளை ஒன்று தனியே ஆணியில் தொங்கிற்று. அது தனக்கென்று தோவாவுக்கு விளங்கிற்று. அதில் குடித்து, கழுவி, அதே ஆணியில் மாட்டினாள்.

வெயில் ஏறியபின் அடுத்த தோணிக்காரன் இடம் கேட்டுக் கத்தத் தொடங்கினான். அவசரம் இரக்கத்தைத் தின்றது. லுவோங் தன்னை மறந்து, பழைய விசையோடு எறியலானான். பழங்கள் தோவாவின் மார்பில் இடியென மோதின. இருமல் தொண்டைவரை வந்து, விழுங்கப்பட்டு உள்ளே போயிற்று. கண் இருண்டது. ஆயினும் ஏந்தினாள், எறிந்தாள், ஏந்தினாள். ஈற்றில் ஒன்று விரலிடுக்கில் வழுக்கிச் சிதறியது.

"அடியே! கையில எண்ணெய தடவிட்டு வந்தியா? கண்ண என்ன வீட்ல அடகு வெச்சிட்டியா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் லுவோங். தோவாவின் முகத்தில், நெடுநாள் பூட்டிய வீட்டின் பலகணி திறந்தாற்போல் ஏதோ ஒளி பரவிற்று.

"நீ எறியிறது எறியா? மூணு நாளு பட்டினி கெடந்த கெழவி எறிவா இதைவிட நல்லா!"

மேற்படியிலிருந்து லியூதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு வண்டிவரை ஏறிப் போயிற்று.

அவ்வுடைந்த பழத்தைத் தோவா எவருக்கும் நீட்டவில்லை. துண்டுகளாக்கி, வாழையிலையில் பரப்பி, படியோரம் வைத்துவிட்டுத் தன் குவளையைத் தேடிப் போனாள். திரும்பி வந்தபோது இலையில் ஒரு துண்டின் இடத்தில் பச்சைத்தோல் மட்டும் கிடந்தது. சற்றே தள்ளி, எல்லாருக்கும் முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்தபடி லுவோங் புறங்கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தோவா அந்தத் தோலை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டு, தன் படியில் போய் நின்றாள். சிவப்பு நூல் கட்டிய குவளை மறுநாளும் ஆணியில் தொங்கும் என்பதை அவள் அறிவாள். நோய் உடலை விட்டு நீங்கிய பின்னும் ஊரார் கண்ணில் நெடுங்காலம் குடியிருக்கும். அங்கிருந்து அதை இறக்க மருந்தில்லை. யாரும் பார்க்காத வேளையில் ஒருவன் தின்ற ஒரு துண்டுதான் அன்று அவளுக்கு வாய்த்தது. அந்தத் தெம்பில் அவள் மீண்டும் கைகளை ஏந்தினாள். அடுத்த பழம் அவள் கைகளுக்கே வந்தது.