கதவில் இருந்த அழுக்கு

ஹஸ்கோவோ நகரின் தபஹானாப் பேட்டையை இடித்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. இடித்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது முகநூலில் அந்தப் பேட்டைக்கென்று ஒரு குழு இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் அதில் தினமும் முறை வைத்து அழுகிறார்கள். பாதிப் பேர், பேட்டையை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடிகளில் பிறந்தவர்கள். "அந்தக் காலத்துல கதவுக்குப் பூட்டே கிடையாது" என்று ஒருவர் எழுதினால் நூறு பேர் இதயம் போடுவார்கள். அங்கேயே வளர்ந்த ரங்கெலின் சைக்கிள் அதே தெருவில்தான் இரண்டு முறை திருட்டுப் போனது. பூவாசத்தை நினைத்து இன்னொருவர் உருகுவார். தபஹானா என்றாலே தோல் ஊறவைக்கும் இடம். அங்கே பூ பூத்திருந்தாலும் அதன் வாசம் எவர் மூக்குக்கும் எட்டியிருக்காது.

ஆனாலும் ரங்கெல் அந்தக் குழுவைக் காலையும் மாலையும் துருவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு முகம்.

அவருடைய தம்பி மிலென் எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். போன குளிர்காலத்தில் அம்மாவும் போனாள். "என் கல்லுல அவன் மொகத்தையும் பக்கத்துல வைடா" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. கல்லறைக் கல்லில் ஒட்ட, அம்மாவின் படம் பதித்த பீங்கான் வில்லை தயார். மிலெனுடையதற்குத்தான் படம் இல்லை. இருந்த ஒரே நல்ல படத்தை, வருஷ நினைவுக்கு, செத்தவர் படம் போட்டு வீட்டுக் கதவில் ஒட்டும் அஞ்சலித் தாள் அடிக்க அச்சகத்தில் கொடுத்தார்கள். தாள் வந்தது. படத்தைத் திருப்பிக் கேட்டால், நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அச்சகக்காரன் இழுத்தடித்தான். கடைசியில் அச்சகத்தையே இடித்துவிட்டார்கள். மிஞ்சிய படங்கள் வீடு மாறிய அன்று ஒரு பெட்டியோடு காணாமல் போயின. அடித்த தாளில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம். சாவுத் தாளை வீட்டுக்குள் வைத்தால் இன்னொரு சாவு வரும் என்று அம்மா கதவில் ஒட்டியது போக மீதி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாள்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அதை மனைவி தொன்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"கண்ண மூடினா அவன் முட்டியில இருந்த காயம் தெரியுது. செருப்பு தெரியுது. மொகம் வர மாட்டேங்குது, தொன்கா."

"உங்க ஜாடையாத்தான் இருந்திருப்பான்."

"என் ஜாடை எதுன்னே எனக்குத் தெரியல. கண்ணாடியில எங்க அப்பாதான் நிக்கறாரு."

இப்படியிருக்கும்போதுதான் மெத்தோதி அந்தக் கல்யாணப் படத்தைக் குழுவில் போட்டார். மெத்தோதி, பழைய கலாச்சார மன்றத்தின் ஓய்வுபெற்ற டைரக்டர். 'பேட்டையின் நினைவுக் காவலர்' என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, தாமே அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டவர். படத்தில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் தெருவில் நடந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ரங்கெல் வீட்டுக் கதவு. ரங்கெல் படத்தைப் பெரிதாக்கினார். அந்தக் கல்யாணம், மிலென் இறந்த மறு வருஷத்து இலையுதிர் காலத்தில் நடந்தது. அஞ்சலித் தாள் கதவில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஊரில் செத்தவரின் தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். மழையும் வெயிலும் கிழித்தால்தான் உண்டு.

ஆனால் கதவு வெறுமையாக, பளபளவென்று பச்சையாக இருந்தது.

மன்றத்துக் கூடத்தில் கண்காட்சி. படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். "நினைவே நமது தாய்மண்" என்று தொடங்கிய மெத்தோதி, பனிட்சாப் பலகாரம் ஆறி, ரக்கியாச் சாராயம் சூடாகும்வரை பேசினார். கைதட்டல் அடங்கியதும் ரங்கெல் அவரை மடக்கினார்.

"டைரக்டர் சார், இந்தக் கதவுல ஒரு தாள் ஒட்டியிருக்கணுமே."

"எந்தக் கதவுல?"

"பொண்ணுக்குப் பின்னாடி. எங்க வீட்டுக் கதவு."

"ஓ, அதுவா. கூர்மையான கண்ணுய்யா உனக்கு. கறுப்புக் கட்டம் போட்ட ஏதோ காகிதம். அழுக்கா இருந்துச்சு. ரெண்டு நாள் கம்ப்யூட்டர்ல உக்காந்து நானே துடைச்சேன். கல்யாணப் படத்துல எழவு எதுக்கு? அங்க நான் பூசின பச்சை எப்படி வந்திருக்கு பாத்தியா?"

"எங்க கதவு நீலம் சார்."

"நீலம் வானத்தோட கலந்துடும்."

"அந்தத் தாள் என் தம்பி."

மெத்தோதி ஒரு கணம் தலை குனிந்தார். அந்தக் குனிவுக்கும் பல வருஷப் பயிற்சி இருந்தது. "அவன் ஆத்மா சாந்தியடையட்டும். இப்ப என்ன கெட்டுப்போச்சு? உன் சின்ன வயசுப் படம் ஒண்ணு குடு. அண்ணன் தம்பிதான. கொஞ்சம் இளைக்க வச்சு, முடிய மாத்தி, உன் தம்பியவே கொண்டாந்துடறேன்."

"துடைக்கறதுக்கு முன்னாடி இருந்தது இருக்கா?"

"மெருகேத்தினப்புறம் பழசு எதுக்குய்யா? அழிச்சுட்டேன். கையில வாங்கின காகிதப் படத்தை சாஃபிர்காவுக்கே திருப்பிக் குடுத்துட்டேன்."

சாஃபிர்காதான் படத்திலிருந்த மணப்பெண். கல்யாணம்வரை ரங்கெல் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தவள். இப்போது ஓர் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தேடி வந்த ரங்கெலுக்கு ஊர் வழக்கப்படி ஒரு கரண்டி செர்ரி ஜாமும் தண்ணீரும் வைத்துவிட்டுப் படத்தை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் அடங்கும் படம்.

"என் மாப்பிள்ளையப் பாரு. மூணாம் வருஷம் ஓடிப்போன பய. மொகம் எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு, பல்லுகூட எண்ணலாம்."

ரங்கெல் தாம் கொண்டுவந்த பூதக்கண்ணாடியை மாப்பிள்ளையிடமிருந்து கதவுக்கு நகர்த்தினார். தாள் இருந்தது. துவரம்பருப்பைவிடச் சிறியது. கறுப்புக் கட்டத்தை அனுமானிக்க முடிந்தது. அதற்குள் ஒரு சாம்பல் புள்ளி. கண்ணாடியை அருகே கொண்டுபோனார். புள்ளி பெருத்தது, முகமாகவில்லை. இன்னும் அருகே கொண்டுபோனார். வெறும் பொடி. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் பொடிதான்.

"தெரியுதே, கண்ணெல்லாம்" என்றாள் சாஃபிர்கா, கண்ணாடி இல்லாமலே.

"சாஃபிர்காக்கா, அவன் எப்படி இருப்பான்? நீங்க பாத்திருக்கீங்கல்ல."

அவள் ஜாம் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திருகி மூடினாள்.

"துறுதுறுன்னு இருப்பான்." பாட்டிலைத் தள்ளி வைத்தாள். "தப்பா எடுத்துக்காத தம்பி. உங்க ரெண்டு பேர்ல யாரு யாருன்னு எனக்கு எப்பவும் குழப்பம்தான். அம்மா ஒரு பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடியாருவீங்க. ஒருத்தன் செத்துட்டான்னு கேள்விப்பட்டப்ப, எவன்னு எனக்குத் தெரியல. உங்க கதவுல அந்தத் தாளைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

ரங்கெல் நிமிர்ந்தார். "அப்ப படத்தைப் பாத்திருக்கீங்க."

"கிட்டப் போயிப் பாத்தேன்."

"எப்படி இருந்தான்?"

சாஃபிர்கா வெகுநேரம் யோசித்தாள். மனசார முயன்றாள், அது அவள் நெற்றியில் தெரிந்தது.

"பேரத்தான்பா படிச்சேன்" என்றாள்.

அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். படத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள். "எனக்கு அந்தப் பயல வச்சு என்ன ஆகப்போவுது" என்று சிரித்தாள். அவர் வேண்டாம் என்றார்.

மறு வாரம் கல் செதுக்குபவர் போன் செய்தார். "ஐயா, கல்லு ரெடி. பையன் படம் கெடைச்சுதா?"

"இல்ல."

"மங்கலா இருந்தாலும் பரவால்ல, தேத்திடலாம்."

"எதுவும் இல்ல."

"கவலப்படாதீங்க. படம் இல்லாதவங்களுக்கு அந்த எடத்துல மெழுகுவத்தி செதுக்குவோம். லட்சணமா இருக்கும். எரியற மாதிரி போடவா, அணைஞ்ச மாதிரியா? ரெண்டு மாடலும் இருக்கு."

ரங்கெல் கண்ணை மூடினார். முட்டி வந்தது. செருப்பு வந்தது. அதற்கு மேலே, சுவர் அளவு பெரிதாக, ஓடிப்போன மாப்பிள்ளை எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எது சீக்கிரம் முடியும்?" என்று கேட்டார்.

"அணைஞ்சதுதான். சுடர் செதுக்கற வேலை இல்ல."

"அதையே போட்டுடுங்க."