பிஸ்டோ ஏன் மறுத்தான்

பிஸ்டோவின் கையிலிருந்து அரிசியளவு தோலை வெட்டியெடுத்துக் குப்பியில் போட்டபோது அவன் சிரித்தான்.

"இவ்வளவுதானா டாக்டர்? எங்க ஊர்க் கொசு இதைவிட அதிகமா எடுக்குமே!"

ஏழு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது. வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும், பேசிக்கொண்டிருக்கும்போதே இமைகள் தாமாக மூடிக்கொள்ளும். அதைத் தவிர ஆள் திடமாகத்தான் இருந்தான். ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு முதலாளியின் மீன் குளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலும் அவன்தான், வளர்ப்பும் அவன்தான்.

நான் அவனுடைய அக்கா, அடெல்ஃபா. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர். குழந்தைகளை எடை போடுவேன், வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பேன், மாத்திரை விழுங்காதவர்களைத் திட்டுவேன். மற்றதற்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள், திட்டுவதற்கு மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

பிலிப்பைன்ஸில் எங்கள் காபிஸ் மாகாணத்தில் பிறந்தவர்களுக்கு லூபாக் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தாய் வழியாக வரும், ஆண்களைப் பிடிக்கும். முப்பது நாற்பது வயதில் ஒரு காலிலோ தாடையிலோ ஆரம்பித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல ஆளையே பிழிந்து, கடைசியில் தொண்டையை அடைத்துவிடும். எங்கள் தாய்மாமன்கள் இருவரும் அப்படித்தான் போனார்கள். மூத்த அண்ணன் கிரிசாந்தோவும் அப்படித்தான் போனான். எனக்கு ஒரே மகன், கப்பலில் வேலை பார்க்கிறான். ஃபோனில் அவன் கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் மணிலாவிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது நான் முந்திக்கொண்டு தம்பியைக் கூட்டிப்போனேன். டாக்டர் வில்யாரோசா நிதானமாகப் பேசுகிற பெண். தோலிலிருந்து எடுத்த செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து மூளைச் செல்லை வளர்த்து, அதற்குள் கெட்டுப்போயிருக்கும் மரபணுவைத் திருத்திப் பார்க்கப்போவதாகச் சொன்னார். "இது உங்களுக்கு சிகிச்சை இல்ல, ஆராய்ச்சி" என்று இரண்டு முறை சொன்னார். படிவத்திலும் அது இருந்தது. பிஸ்டோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மனாங், இந்தம்மா என்ன சொல்லுது?" என்று என்னிடம் திரும்பினான். அக்காவை நாங்கள் மனாங் என்றுதான் கூப்பிடுவோம்.

"டேய், உனக்குத் தெரிஞ்ச வேலைதான்டா. கரையில பால்மீன் குஞ்சைப் புடிச்சு வந்து சின்னக் குளத்துல விட்டு வளக்குறேல்ல? அந்த மாதிரி உன் செல்லைக் கொண்டுபோயி வளக்கப் போறாங்க."

"அட, இதுக்கா நாலு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க!" என்று கையெழுத்துப் போட்டான்.

நன்றாக விளக்கினீர்கள் என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிகிச்சை இல்லை என்பதையும் நான் அவனிடம் சொல்லத்தான் செய்தேன். ஆனால் ஓட்டமாகச் சொன்னேன். அவன் எங்கே பின்வாங்கிவிடுவானோ என்ற அவசரம். உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் நான் தம்பியை நினைக்கவில்லை, என் மகனை நினைத்தேன்.

நான்கு வருடம் கழித்து அவனுக்கு ஓர் அதிர்ஷ்டம் வந்தது. மண்டையில் சின்னத் துளை போட்டு இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, மார்பில் ஒரு பேட்டரியை வைத்துத் தைக்கும் ஆபரேஷன். நோய் போகாது, முறுக்கு அடங்கும். ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனத்தின் செலவில், எங்கள் பக்கத்தில் இரண்டு பேருக்கு மட்டும். டாக்டர் வில்யாரோசாதான் பிஸ்டோவின் பெயரைக் கொடுத்திருந்தார். முதலில் செய்துகொண்ட பக்கத்து ஊர்க்காரன் இரண்டே மாதத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தான்.

பிஸ்டோ மாட்டேன் என்றுவிட்டான்.

"என் மண்டையில எவனும் கை வைக்கக் கூடாது."

அவன் மனைவி கிளெண்டா கெஞ்சினாள், அழுதாள், கடைசியில் வாசலில் நின்று கத்தினாள். "குளத்துப் பாம்பை வெறுங்கையால புடிச்சு வீசுற மனுஷன், ஒரு கம்பிக்குப் பயந்து சாகுறான் பாருங்க! பயந்தாங்கொள்ளி! உனக்கு வாக்கப்பட்டதுக்கு அந்தப் பாம்புக்கு வாக்கப்பட்டிருக்கலாம்."

"பாம்பு உன்னைக் கட்டிக்காதுடி, அதுக்குப் புத்தி இருக்கு" என்று அவன் சிரித்தான். "கொஞ்சம் பொறு கிளெண்டா. எனக்கு வேற ஏற்பாடு இருக்கு."

என்ன ஏற்பாடு என்று நாங்கள் கேட்கவில்லை. பயத்தை மறைக்கப் பேசுகிறான் என்று நினைத்தோம். அந்த இடம் வேறொருவனுக்குப் போயிற்று.

அதன் பிறகு நோய் தாடைக்கு ஏறியது. வாய் தானாகப் பிளந்துகொள்ளும், நாக்கு வெளியே தள்ளும். ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக இரண்டு மணி நேரம். புரையேறும், முகம் நீலம் பாரிக்கும், குப்புறப் போட்டு முதுகில் தட்டுவோம். மூச்சு திரும்பியதும் அடுத்த கரண்டிக்கு வாயைத் திறப்பான். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அலுப்பில் ஒருமுறை, "எதுக்குடா இப்படி உசுரைப் புடிச்சு வெச்சிருக்கே?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அதற்குள் அவன் பேச்சு குழறிப்போயிருந்தது. அதில் கிளெண்டாவுக்குப் பாதி புரியும். முழுக்கப் புரிவது எனக்கு மட்டும்தான். நாக்கு திரும்பாத வயதில் அவன் பேசிய மழலையைக் கேட்டுப் பழகிய காது.

போன ஏப்ரலில் டாக்டர் மறுபடி வந்தார். கிளெண்டா சந்தையில் சிப்பி விற்கப் போயிருந்தாள். டாக்டர் பாய் ஓரத்தில் உட்கார்ந்து கையோடு கொண்டுவந்த சின்னக் கணினியின் திரையைக் காட்டினார். பிஸ்டோவின் இமைகள் இறுக மூடியிருந்ததால் நான் கட்டைவிரலால் ஒரு கண்ணைத் திறந்து பிடித்தேன். கரிய திரையில் நீளநீளமாகக் கைகளை நீட்டிக்கொண்டு செல்கள் மினுங்கின.

"இது பிஸ்டோவோட செல்தான். மரபணுவைத் திருத்தியாச்சு. நோயில்லாத ஆளோட மூளைச் செல் எப்படி வேலை செய்யுமோ, அதே மாதிரி வேலை செய்யுது" என்றார். அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. எனக்கும் கண் கலங்கியது. என் மகனுக்குள் இன்னும் இருபது வருடமாவது நோய் தூங்கட்டும், அதற்குள் மருந்து வந்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

பிஸ்டோவின் உடம்பு குலுங்கியது.

"எவ்ளோ... பெருசு... ஆயிருக்கு?"

நான் மொழிபெயர்த்தேன். கண்ணுக்கே தெரியாத அளவுதான் என்று டாக்டர் சிரித்தார்.

"எப்ப... விடுவாங்க?"

"என்னடா விடணும்? எங்க?"

கையைத் தூக்கினான். அது முதலில் காதில் அறைந்தது. இரண்டாவது முறை உச்சந்தலையில் போய் விழுந்தது.

"தயாரா... வெச்சிருக்கேன் மனாங். யாரையும்... எறங்க விடல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குஞ்சு விடுவதற்கு முன்னால் பெரிய குளத்தை வடித்து, தரை வெடிக்கும்வரை காயவைத்து, முழங்கால் அளவுகூட இல்லாமல் நீர் கட்டி, அடியில் பாசி படரவிடுவார்கள். குஞ்சுக்கு முதல் தீனி அந்தப் பாசிதான். அது பிடித்த பிறகு யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. முதலாளியே காலை வைத்தாலும் பிஸ்டோ கத்துவான். அப்படித்தான் அவன் தன் மண்டையையும் காத்து வைத்திருந்தான். சின்னக் குளத்தில் வளர்ந்தது பெரிய குளத்துக்குத் திரும்பி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க அவன் செய்த வேலையே அதுதான். உவமையைக் கொடுத்தவள் நான். பாதியில் நிறுத்தியவளும் நான்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையை அணைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிஸ்டோ, இந்தச் செல் ஆய்வுக்கூடத்துலதான் இருக்கும். திருப்பி உங்களுக்குள்ள வைக்க முடியாது. மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பாக்கவே இன்னும் பல வருஷம் ஆகும்."

அவன் உடம்பின் முறுக்குக்கூட ஒரு நொடி நின்றதுபோல இருந்தது.

"அப்ப... அந்த ஆபரேஷன்... பண்ணிக்கிறேன்."

அதை டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், விலா எலும்பைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"முப்பத்தாறு கிலோ இருக்கார். நுரையீரல் முழுக்கச் சளி. மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்க மாட்டார், அடெல்ஃபா. மூணு வருஷம் முன்னாடின்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே வந்து, "பாக்கலாம்டா" என்றேன். அவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது. திருப்பியது அவனா நோயா என்று தெரியவில்லை.

டாக்டர் கிளம்பிப்போன பிறகு கிளெண்டா காலிக் கூடையோடு வந்தாள். அவள் குரலைக் கேட்டதும் பிஸ்டோ பேச ஆரம்பித்தான். முதுகு வில்லாக வளைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் ஒழுகியது. இவ்வளவு பாடுபட்டு அவன் ஒன்றைச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான்... பயப்படல... கிளெண்டா."

அவள் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் புரியல. என்ன சொல்றான் மனாங்?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் மறுத்தான் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கான பதில் நான்தான்.

"தண்ணி கேக்குறான்" என்றேன்.

அவள் கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பிஸ்டோ பல்லைக் கடித்துக்கொண்டான். தண்ணீர் கழுத்து வழியாகப் பாயில் இறங்கியது. அதற்குப் பிறகு அவன் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் மதியம் போய்ச் சேர்ந்தான்.

எங்கள் வழக்கப்படி நான்கு நாள் சவப்பெட்டியை வீட்டில் வைத்திருந்தோம். ஊர்க்காரர்கள் வந்து சீட்டு ஆடினார்கள், பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்துத் தின்றார்கள், அவன் சொன்ன நகைச்சுவைகளையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். கடைசி நாள் பிற்பகலில் கிளெண்டா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு மட்டும் சரின்னு சொல்லியிருந்தா இன்னிக்கு இங்க உக்காந்து சீட்டு ஆடிக்கிட்டிருப்பான். பயந்தே செத்தான் என் புருஷன். இல்லையா மனாங்? நீங்களே சொல்லுங்க."

சீட்டு ஆடியவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா. சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குப் பயம் ஜாஸ்தி" என்றேன்.