ஆவியில் சோற்று வாசனை

கோதண்டபாணி ஓட்டிய வாடகைக் கார் ஒழுகிக்கொண்டிருந்த வரையில் கொதிக்கவில்லை. ஒழுக்கு நின்ற பிறகுதான் கொதிக்க ஆரம்பித்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ரேடியேட்டரின் அடியில் மாதக்கணக்காகச் சொட்டியது தானாகவே நின்றபோது, ஏகாம்பரநாதருக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தவன் அவன். அந்த வாரமே ஏனாத்தூரைத் தாண்டுவதற்குள் மூடி வழியாக ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினான். ஊற்ற ஊற்ற இன்னும் சீக்கிரமாகக் கொதித்தது. போதாக்குறைக்கு, ஆவியில் சோறு வேகும் வாசனை. பசி முற்றித் தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்தே போனான்.

காரின் சொந்தக்காரர் அஹமது பாஷா நல்ல மனிதர். ஆனால் முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட பெண்வீட்டாரை நடுரோட்டில் நிறுத்தி வைத்த பிறகு எந்த நல்ல மனிதருக்குப் பொறுமை இருக்கும்? இன்னொரு தரம் கொதித்தால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். முசரவாக்கத்தில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவனை ஸ்டீயரிங் பிடிக்க வைத்ததே அவர்தான். அந்தச் சாவி போனால் திரும்பவும் அண்ணன்களின் நிலத்தில் கூலியாளாக நிற்க வேண்டும்.

மெக்கானிக் முனிசாமி விசிறி பெல்ட்டை மாற்றினார். தெர்மாஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், ஒழுங்காகத் திறந்தது. தண்ணீர் பம்பிலும் பழுதில்லை. ஆனால் ரேடியேட்டர் தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. ஹெட் காஸ்கெட் போய் என்ஜின் ஆயில் கலக்கிறது என்று அடித்துச் சொல்லி, என்ஜினின் தலையையே கழற்றிவிட்டார். காஸ்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. முனிசாமி பீடியைப் பற்றவைக்க மறந்து வாயில் வைத்தபடி நின்றார். கோதண்டபாணிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

வீட்டில் அவன் மனைவி காந்தாதான் தைரியம் சொன்னாள். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, முறுக்காக நிற்பதற்குக் கஞ்சி போடுவார்கள். விடியற்காலையில் அவளுக்கு அந்த வேலை. திரும்பி வந்ததும் காருக்கான தண்ணீர் டின்னை அவளே நிரப்பி வைத்துவிடுவாள். சொட்டுவது நின்றுவிட்டதா என்று மட்டும் தவறாமல் கேட்பாள்.

கடைசியில் ஒருநாள், பாஷா வந்து நிற்க, முனிசாமி ரேடியேட்டரை இறக்கிக் கவிழ்த்து, அடிவழியாகக் குழாய்த் தண்ணீரை விட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளையாக, கொழகொழவென்று, கட்டி கட்டியாக வந்து விழுந்தது.

"இன்னாபா இது, கூழாட்டம் இருக்குது?" என்றார் முனிசாமி, விரலில் எடுத்துப் பிசைந்துகொண்டே.

கோதண்டபாணிக்கு அந்த வாசனை தெரியும். தினமும் காந்தாவின் விரல்களில் வீசுகிற வாசனை. சோற்றுக் கஞ்சியும் துளி எண்ணெயும். சின்னச் சின்ன ஓட்டை, அதனால்தான் சொட்டுகிறது என்று என்றோ அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. நூலின் பிசிறையெல்லாம் படிய வைக்கிறவள், ஓட்டையையும் அடைத்துப் பார்த்திருக்கிறாள். கஞ்சி வெந்து இறுகி, ஒழுக்கோடு உள்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிட்டது. அவனுக்குக் கோபம் வந்தது; வந்த வேகத்திலேயே போய், அழுகை முட்டியது.

யார் இதை ஊற்றியது என்று பாஷா கேட்டார்.

"நான்தான் பாய். ஒழுவாம இருக்கட்டும்னு கஞ்சி ஊத்தினேன்."

பாஷா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் கஞ்சியில எண்ணெய் எதுக்கு உடறாங்க, சொல்லு பாக்கலாம்."

ஏர் பிடித்த கோதண்டபாணிக்கு அது எங்கே தெரியும்? நூலுக்குக் கஞ்சி போடுகிறவளுக்குத்தான் தெரியும். பாஷா சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அதை அவன் சட்டைப் பையில் போட்டார்.

"ஊட்டுல போய்ப் பதமா சொல்லு. திட்டாத."

ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து, ரேடியேட்டரைத் திரும்பப் பூட்டி முடித்து அவன் வீடு வந்தபோது, காந்தா டின்னோடு வாசலில் நின்றாள். டின்னை வாங்கித் தெருக்குழாயடியில் கவிழ்த்தான். வெளுத்த நீர் சாக்கடையில் ஓடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாலதான் கொதிச்சுதா?" என்றாள்.

"உன்னாலதான் இத்தினி நாளா சொட்டல" என்றான் அவன்.

காந்தா டின்னை அவனிடமிருந்து வாங்கி, மூன்று தரம் அலசி, வெறும் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.