ஓட்டத்தானே கூடாது

மலைப்பாதையை மூடும் உத்தரவுக்கு வரைபடம் போடும் வேலை அவள் மேசைக்குத்தான் வந்தது. நகராட்சி அலுவலகத்தின் பொறியியல் பிரிவில் பதினான்கு வருடங்களாகப் படம் போடுகிறவள் அவள் ஒருத்திதான். வேறு யாரிடம் போகும்? கோப்பைப் பிரித்தாள். அடிவாரத்திலிருந்து மேட்டுக் குடியிருப்புவரை போகும் ஒற்றையடிப் பாதையில் மிதிவண்டி ஓட்டத் தடை. பாதையில் எந்த வேலையும் செய்யத் தடை. மீறினால் வண்டி பறிமுதல். காரணம், சக்கரங்கள் மண்ணைக் கீறிக் கீறி மூன்றாம் வளைவில் சரிவு ஏற்பட்டுவிட்டதாம். தடைப் பகுதியைச் சிவப்பில் குறிக்கவும் என்று பொறியாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அவள் அந்த ஊர் மலைச் சைக்கிள் மன்றத்தின் செயலாளர். தன் விரலே தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அது இதுதான்.

கோப்போடு எழுந்து பொறியாளரின் அறைக்குப் போனாள்.

"சார், மூணாவது வளைவு சரிஞ்சது சைக்கிளால இல்ல. மேல செல்போன் டவருக்குப் போட்ட ரோட்டுத் தண்ணி மொத்தமும் அங்கதான் வந்து விழுது."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யார் விடுப்பு கேட்டாலும் காரணம் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர். ஆனால் அந்த ரோடு அவர் போட்டது.

"உங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு யோசனை? கோடு போடுறது உங்க வேலை. எங்க போடணும்னு சொல்றது என் வேலை."

போட்டாள். கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. அதுதான் பிறகு வெகுநேரம் அவளை உறுத்தியது.

மன்றத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். தொழிலுக்காக மட்டுமல்ல, வளைந்து கொடுக்காத புத்திக்காகவும் வைத்தது. இருபத்தாறு பேர் இருந்தார்கள். பேக்கரிக்காரர் தலைவர். கணக்கு டீச்சர், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் தம்பி, கறிக்கடைக்காரர், கண்ணாடிக் கடைக்காரர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டம். ஞாயிறு விடிந்தால் ஒரே குடும்பம். இறக்கத்தில் காற்று முகத்தில் அறைய வளைவுகளில் சாய்ந்து வரும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் எல்லாரும் சேர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் சும்மா கிடைப்பதில்லை. மேட்டுக் குடியிருப்பில் நாற்பது வீடுகள். ரோட்டில் சுற்றிப் போனால் ஒன்பது கிலோமீட்டர். பாதையில் இருபத்தைந்து நிமிட நடை. துணி ஆலைக்குப் போகும் பெண்கள் விடியலில் அதில்தான் இறங்குவார்கள். மன்றத்தார் மாதம் இருமுறை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போய், குறுக்கே வடிகால் வெட்டி, படிக்குக் கல் பதித்து, முள்ளை வெட்டிவிட்டு வருவார்கள். ஒருமுறை நெஞ்சு வலி வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கியதும் இவர்கள்தான். ஏழு வருடமாக அந்தப் பாதைக்கு நகராட்சி ஒரு கூடை மண் போட்டதில்லை. இப்போது பூட்டிய இரும்புக் கதவும் தடைப் பலகையும் மட்டும் போட்டது.

கதவு போட்ட மறுநாள் மாலை பேக்கரியின் பின்கட்டில் கூடினார்கள். அடுப்பு அணைந்தும் சூடு போகவில்லை. மாவு மூட்டைகள்மேல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

"பூட்டு என்ன பெரிய பூட்டு? என்கிட்ட கட்டர் இருக்கு. அஞ்சு நிமிஷம்," என்றான் ஃபிரிட்ஜ் தம்பி.

"உடைச்சா அடுத்த நாள் பெரிய பூட்டு வரும். கூடவே போலீஸும் வரும்," என்றார் பேக்கரிக்காரர். "மனு குடுக்கலாம்."

"ரோட்டுத் தண்ணியைப் பத்தி ஏற்கெனவே மூணு மனு குடுத்தாச்சு," என்றார் டீச்சர். "கிணத்துல போட்ட கல்லுதான்."

ஸ்கேல் எழுந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டது தான்தான் என்று முதலில் சொன்னாள். கறிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உத்தரவின் நகலை எடுத்து மூட்டைமேல் விரித்தாள்.

"ஒழுங்கா படிங்க. 'ஓட்டுவதற்கு'ன்னுதான் போட்டிருக்கு. ஓட்டத்தானே கூடாது? தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

முதலில் புரிந்து சிரித்தது டீச்சர்.

"பதினாலு கிலோவைத் தோள்ல வச்சு மலை ஏறணுமா? பைத்தியக்காரத்தனம்," என்றார் பேக்கரிக்காரர்.

"சட்டப்படியான பைத்தியக்காரத்தனம்."

"அந்த டவர் ரோட்டுப் படம் உங்க ஆபீஸ்லதானே இருக்கு? அதை எடுத்துக் காட்டினா தீர்ந்துச்சே," என்றான் தம்பி.

"அது ஆபீஸ் பேப்பர். நான் திருடிட்டு வர மாட்டேன். ஆனா நகல் வேணும்னு மனு குடுத்தா யாரு வேணாலும் பாக்கலாம்."

டீச்சர் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இருபத்தாறு பேரும் தோளில் சைக்கிளோடு இரும்புக் கதவின்முன் நின்றார்கள். ஆள் நடக்கப் பக்கத்தில் இடைவெளி இருந்தது. புதிதாகப் போட்ட காவலாளி முக்காலியிலிருந்து எழுந்தார்.

"சைக்கிள் உள்ள போகக் கூடாது."

"சைக்கிள் எங்கண்ணே போகுது? நாங்க போறோம். அது எங்க மேல ஏறி வருது," என்றாள் ஸ்கேல்.

காவலாளி பலகையை விரல் வைத்து இரண்டு தரம் படித்தார். அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? கடைசியில், "சக்கரம் தரையில படக் கூடாது, சொல்லிட்டேன்," என்றார். அவர் பங்குக்கும் ஒரு சட்டம் வேண்டாமா?

இருபத்தைந்து நிமிடப் பாதைக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. சைக்கிளின் இரும்பு காறை எலும்பில் அழுந்தியது. பெடல் முதுகில் குத்தியது. மூச்சு வாங்கியபோதும் யாரும் கீழே வைக்கவில்லை. மேலே போய், ரோடு வழியாக ஒன்பது கிலோமீட்டரும் ஓட்டி இறங்கினார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும்.

முதல் வாரம் மேட்டுக் குடியிருப்பில் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் துணி ஆலையில் தைக்கிற பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த இரும்பை எதுக்குக்கா சுமக்கிறீங்க? மண்வெட்டியைச் சுமந்துட்டு வந்தா எங்களுக்காவது உதவும். வடிகால் எல்லாம் மூடிப்போச்சு."

"அதுக்கும் தடை. வேலை செஞ்சா வழக்கு."

"அப்ப யாரு செய்வா?"

அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் வாரம், வேலைக்கு இறங்கும்போது மூன்றாம் வளைவில் அந்தத் தையல்காரி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தைக்கிறவளுக்கு வலது கை.

அதே வாரம் ஸ்கேலுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அரசுப் பணியில் இருந்துகொண்டு நகராட்சி உத்தரவை எதிர்க்கும் செயலில் ஈடுபட்டது ஏன்? மூன்று நாளில் பதில் தர வேண்டும்.

வீட்டில் அன்று மாலை, கணவர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் தோளில் வைத்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். சைக்கிள் பக்கமே போகாதவர். அவள் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வச்சு எத்தனை நாளைக்கு நிப்ப? ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு. பிள்ளைங்க படிக்குதுங்க."

"என்ன எழுதணும்கிறீங்க?"

"இனிமே போக மாட்டேன்னு."

"போவேனே."

அவர் துணியை மறுபடி நனைத்தார். "உன்கிட்ட பேசுறதுக்கு அந்தச் சைக்கிள்கிட்ட பேசலாம். அதுக்காவது பிரேக் இருக்கு," என்றார்.

அவள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். 'ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலைக்கு நடந்து போனேன். என் தோளில் இருந்தது என் சொந்தச் சைக்கிள்.'

திங்கட்கிழமை அவளைக் கீழ்த்தளத்துப் பதிவறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை, கூரைவரை கோப்புகள், பொதுமக்களுக்கு ஒரு சிறு கவுன்டர். மனு வாங்குவதும் கேட்ட ஆவணத்தைத் தேடி நகல் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. படம் போடும் கைக்கு அது தண்டனைதான். மேலிருந்து யாரும் இறங்கி வந்து பேசவில்லை. பதினான்கு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவள்கூட மாடிப்படியில் பார்த்துவிட்டுப் பாராததுபோல் போனாள்.

மூன்றாம் நாள் கணக்கு டீச்சர் கவுன்டருக்கு வந்தார். டவர் ரோட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும் என்று படிவம் நிரப்பியிருந்தார். ஸ்கேல் முகத்தில் எதையும் காட்டாமல் வாங்கினாள்.

"ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு மேடம்."

டீச்சர் போட்டுக் கொடுத்தார். விதிப்படி ஏழு நாள். ஏழாம் நாள் நகலைக் கொடுத்தாள். அதில் என்ன இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆறு வருடத்துக்குமுன் அதைப் போட்டதே அவள்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் கால்வாய் வரைந்திருந்தாள். படத்தில் இருந்த கால்வாய் தரையில் இல்லை. கட்டவேயில்லை.

அந்த ஞாயிறு அவளால் கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. சைக்கிளைச் சுவரிலிருந்து எடுக்கவே சிரமப்பட்டாள். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எதுக்கு?"

"நடந்து போகத் தடை இல்லையே?" என்றார். பாதி வழியில் உட்கார்ந்து எழுந்து, ஊரில் உள்ள எல்லாச் சைக்கிள்காரர்களையும் திட்டித் தீர்த்தபடி மேலே வந்து சேர்ந்தார். அதற்குமுன் அவள் ஒருபோதும் மலையில் அழுததில்லை. அன்று வியர்வையைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் நகலோடு புகார் கொடுக்க, நகராட்சித் தலைவி கூட்டம் போட்டார். கூட்ட அறையில் பொறியாளர் புகைப்படங்களைக் காட்டினார்: சேற்றில் டயர் தடங்கள், ஆழமான பள்ளம். பேக்கரிக்காரர் வரைபட நகலை நீட்டினார். கால்வாய் அடுத்த கட்டத்தில் வரும், அதற்கும் சரிவுக்கும் சம்பந்தமில்லை என்றார் பொறியாளர். அப்போது பின்வரிசையில் கட்டுப் போட்ட கையோடு தையல்காரி எழுந்தாள்.

"அம்மா, எனக்குப் படம் பாக்கத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்குறேன். ரெண்டு மாசமா பாதையில ஒரு சைக்கிள் ஓடல. பூட்டி வச்சிருக்கீங்க. அப்ப என் முழங்கால் ஆழத்துக்குப் புதுசா குழி தோண்டினது யாரு? தோள்ல தூக்கிட்டுப் போன சைக்கிளா?"

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தலைவி ஜன்னலைப் பார்த்தார், பொறியாளரைப் பார்த்தார்.

"குடை எடுங்க. இப்பவே போய்ப் பாக்கலாம்."

மூன்றாம் வளைவுக்குப் போய்ச் சேரும்போது தலைவியின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியிருந்தது. மேலே ரோட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் குழாய் திறந்துவிட்டதுபோல் பாதையில் கொட்டிக்கொண்டிருந்தது. தலைவி ஒற்றைச் செருப்போடு ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறியாளர் குடைக்குள்ளேயே முழுக்க நனைந்துபோயிருந்தார்.

பத்து நாளில் புது உத்தரவு வந்தது. கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. பாதை சைக்கிள்களுக்குத் திறக்கும். ஆனால் வேலை நாட்களில் காலை ஒன்பது மணிவரை நடப்பவர்களுக்கு மட்டும். ஆட்கள் எதிரே வந்தால் சைக்கிள்காரர் இறங்கி நிற்க வேண்டும். அந்த இரண்டையும் மன்றத்தார் கேட்காமலே ஒப்புக்கொண்டிருப்பார்கள். பாதையைப் பராமரிக்க எழுத்துமூலம் அனுமதி தந்தார்கள். கால்வாய் மட்டும் அடுத்த வருடம் என்று இருந்தது. அந்த வரியின்கீழ் டீச்சர் கோடு போட்டு, மாதாமாதம் நினைவூட்டல் கடிதம் எழுதுவது தன் பொறுப்பு என்றார்.

பொறியாளர் பதிவறைக்கு இறங்கி வந்தது அதற்கப்புறம். கவுன்டருக்கு வெளியே நின்றபடி பேசினார்.

"மேல படம் போட ஆள் இல்லாம வேலை நிக்குதும்மா. நடந்ததுக்கு வருத்தம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே உங்க மேசைக்கு வந்துடலாம்."

அந்த மேசையை அவள் நினைத்துப்பார்த்தாள். ஜன்னல், மரம், சாய்ந்த பலகை. ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"எனக்கு வருத்தம் இருக்கு சார். அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டதுக்கு. அதை எழுதித் தரட்டுமா?"

அவர் படியேறிப் போனார். அவள் அடுத்த மனுவை எடுத்தாள்.

ஞாயிறு காலை மூன்றாம் வளைவில் நாற்பதுக்கும் மேல் ஆட்கள். மேட்டுக் குடியிருப்பிலிருந்தும் பதினைந்து பேர் கூடையோடு வந்திருந்தார்கள். ரோட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடக் குறுக்கே ஆழமாகக் கால்வாய் வெட்டிக் கல் அடுக்கினார்கள். தையல்காரி இடது கையால் கல்லைக் காட்டிக் காட்டி, "அது ஆடுது. எடுத்துட்டு மறுபடி வை," என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் தம்பி முணுமுணுத்தான்.

"ஏங்கா, இது நகராட்சி செய்ய வேண்டிய வேலை. நாம செஞ்சுட்டா அவங்க அப்படியே விட்டுடுவாங்களே."

"விட மாட்டாங்க. விட்டா மறுபடி தோள்ல தூக்குவோம்," என்றாள் ஸ்கேல். "கடப்பாரையை இந்தப் பக்கம் குடு."