பாதி உயிர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் கொலை நடக்கும். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இருபது முகம் உள்ள பகடையை நடுவில் வைத்து, நாங்கள் நாலு பேரும் வேறு ஆட்களாகிவிடுவோம். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற என் கணவர்தான் கதையை நடத்துகிறவர். மலை, காடு, ராட்சசன் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நான் வாள்காரி, என் தம்பி வைத்தியன். ஆள் போதவில்லை என்று அம்மாவையும் மந்திரக்காரியாக்கி உட்கார வைத்திருந்தோம். அது நாங்களே தேடிக்கொண்ட வினை.

"அந்த ராட்சசனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கா?" என்று அம்மா கேட்பாள்.

"இல்ல அத்தை, தனிக்கட்டை," என்பார் என் கணவர்.

"பெத்தவ இருப்பாளே."

"அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்க நெருப்பை எறிங்க."

"விளையாட்டுக்குக் கொன்னாலும் பாவம் பாவம்தான்," என்று முனகிக்கொண்டே எறிவாள். பகடையில் பெரிய எண் விழுந்துவிட்டால் மட்டும் சிரிப்பை அடக்க முடியாது அவளுக்கு. என் கணவரோ பழக்க தோஷத்தில், ராட்சசன் துரத்தும்போதுகூட, "திரும்புறதுக்கு முன்னாடி பின்னால பார்த்தீங்களா?" என்பார்.

விளையாட்டை ஆரம்பித்ததே எனக்காகத்தான். என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒரு வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் தண்ணீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் வாங்குகிற வேலை. ஊரார் திட்டுவதையெல்லாம் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டு வருகிறவள் வீட்டில் யார் மேலாவது எரிந்து விழத்தானே செய்வாள். அதற்கு ராட்சசன் தேவலை என்று என் கணவர் நினைத்தார்.

தம்பி தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருவதாக ஏற்பாடு. பரிசோதனைகள் முடிந்து எல்லாம் பொருந்திவிட்டது. தருகிறேன் என்று அவன் வாயால் எப்போது சொன்னான் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "கூடப் பொறந்தவன் நீ இருக்கும்போது வெளியில யார்கிட்டப் போய்க் கையேந்துறது" என்று அம்மா அழுதாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் நடந்தது.

போன ஞாயிறு என் கணவர் சும்மா இருக்கமாட்டாமல், மச்சினனுக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று கதையில் ஒரு காட்சியைச் சேர்த்தார். தொங்கு பாலத்தில் நான் அடிபட்டுக் கிடக்கிறேன். வைத்தியன் தன் உயிரில் பாதியைக் கொடுத்தால் பிழைப்பேன்.

"என்ன மாப்ள, குடுக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

தம்பி பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"இல்ல மாமா. நான் பாலத்தைத் தாண்டிப் போயிடறேன்."

"அடப்பாவி," என்று அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

விளையாட்டில் செய்ததை மேசைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒரு தடவை நான் ஏழைக் கிழவனின் கழுதையைத் திருடினேன். அதற்காக யாரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. அத்தனை பேரைக் கொளுத்திய அம்மாவைக் கொலைகாரி என்கிறோமா? அப்படியிருக்க இவன் மேல் மட்டும் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வர வேண்டும்? வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. மறுநாள் அவன் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்கே போய்விட்டேன்.

பின்னறையில் இயந்திரத்தில் கண்ணாடியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா என்னை விட்டுட்டுப் போன?"

"எங்க?"

"பாலத்துல."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் இயந்திரத்தை நிறுத்தினான்.

"அக்கா, அது விளையாட்டு."

"விளையாட்டுன்னா குடுக்கிறது இன்னும் சுலபம்தானே? கத்தியா, ரத்தமா? வாயால சொன்னா முடிஞ்சுது."

துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"மாமா குடுக்கிறியான்னு கேட்டாரு. இத்தனை நாள்ல என்னை அப்படி ஒருத்தர் கேட்டது நேத்துதான்க்கா. வாய் தன்னால இல்லைன்னுடுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

"பயமா இருக்கா?"

"ரொம்ப. சோறே இறங்க மாட்டேங்குது. ஆனா குடுத்துடுவேன். குடுக்காம இருப்பேனா?"

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். உயிர் மேல் ஆசை யாருக்கு இல்லை? அவனை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"நாளைக்கு டாக்டர் உன்னைத் தனியா உட்கார வச்சுக் கேப்பாரு," என்றேன். "வேண்டாம்னு தோணினா வேண்டாம்னு சொல்லிடு. அவங்க வெளியில காட்டிக்க மாட்டாங்க. உடம்புக்குச் சரிப்படாதுன்னு மட்டும்தான் சொல்வாங்களாம். அங்க இருக்கிற நர்ஸ் சொன்னாங்க."

பெரிய மனுஷியாட்டம் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரே பிரார்த்தனை. இவன் நல்லவனாக இருந்து தொலைக்கட்டும், கடவுளே.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் உள்ளே போனான். அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெகு நேரம் கழித்து டாக்டர் அவனுடன் வெளியே வந்தார்.

"இவருக்கு இது சரிப்படாதும்மா. வேற வழி பார்க்கலாம்," என்றார். பரிசோதனையெல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே என்று அம்மா கேட்டாள். "சில விஷயம் கடைசியிலதான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பி நடைபாதைக் கோடியில் இருந்த குழாயில் முகம் கழுவினான். நிமிர்ந்தபோது பார்த்தேன். ஒரு வருடமாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. பரீட்சை தள்ளிப்போன பள்ளிக்கூடத்துப் பையனின் முகம். நான்தான் சொல்லச் சொன்னேன், சத்தியமாக நான்தான். ஆனாலும் அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்காவுக்குக் குடுக்க முடியலையேன்னு புள்ள உடைஞ்சு போய் நிக்கிறான், பாரு. போய் ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லு."

எழுந்து போனேன். "விடுடா, உன் மேல ஒரு தப்பும் இல்ல," என்றேன். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.