கண்டக்டரம்மாவின் தாகம்

கண்டக்டரம்மா முதலில் மறந்தது உப்பை. பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். வெயில் முற்றிய ஒரு மத்தியானம், தட்டில் சோறு போட்டுக்கொண்ட புருஷனிடம் "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டாள். பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். சிரித்து மழுப்பிவிட்டார்.

மகனிடம் போனில் சொல்லியிருக்கக் கூடாது. ஞாபகம் தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் அவன் இடம் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை அழைத்துப் போவதாகச் சொன்னான். அவள் இல்லாத வீட்டில் தனக்கு மட்டும் உலை வைப்பதை ஃபிட்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் ஒருதரம் காட்டிவிடலாம் என்று தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். மூன்று மாடி இறங்குவதற்குள் இருவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. நர்ஸ் எடை பார்த்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள், ஒன்றுக்கு எத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டாள்.

"காலைல ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. சர்வீஸ் பூரா அப்படித்தான். பஸ் ஸ்டாண்டுல பொம்பளைக்குப் போக எங்க இடம் இருந்துச்சு? தண்ணி குடிக்காம இருக்கப் பழகிக்கிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

இப்போது ஏன் குடிப்பதில்லை என்ற கேள்விக்கு ஃபிட்டர் பதில் சொன்னார். மாடிக் கக்கூஸின் குழாய் உடைந்து மாதக்கணக்காகிறது. வீட்டுக்காரர் இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். மிச்சம் இருப்பது கீழே முற்றத்தில் ஒன்றுதான். சொல்லச் சொல்லத்தான் அவருக்கே உறைத்தது. படிக்குப் பயந்து அவள் மோரை ஒதுக்கினாள், பழத்தை ஒதுக்கினாள், கடைசியில் குழம்பையும் ஒதுக்கி வறட்டு ரொட்டியில் காலத்தை ஓட்டியிருக்கிறாள். தகரக் கூரைக்கு அடியில், இந்த வெயிலில். வயசானால் வாய்க்குப் பிடிக்காதுதான் என்று அவரும் விட்டுவிட்டார்.

உடம்பு வற்றினாலும் புத்தி தடுமாறும் என்றாள் நர்ஸ். முதலில் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நாற்காலியின் நடுவை வட்டமாக அறுத்து, அடியில் மூடி போட்ட வாளியை வைத்தார். சமைக்கிற அறையிலா என்று அவள் முகம் சுளித்தாள். இருப்பதே ஒரு அறைதான். குறுக்கே ஒரு புடவையைக் கட்டிவிட்டார்.

"யாரு இதைக் கீழ கொண்டுபோய்க் கொட்டுறது?"

"நான்தான்."

"உங்க முட்டிக்கு?"

"முட்டி என் கவலை. நீ குடி."

முணுமுணுத்துக்கொண்டே குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்ட வந்த மகனை, இளைத்துப் போய்விட்டான் என்று திட்டித் தீர்த்தாள். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். மகன் அப்பாவைப் பார்த்தான். வெளியே போய், விடுதிக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பிறகு வாளியை அவனே எடுத்துக்கொண்டு இறங்கினான்.

திரும்பி வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"தினமும் எத்தனை தடவைப்பா?"

"அவ குடிக்கிறதைப் பொறுத்து" என்றார் ஃபிட்டர், டம்ளரை நிரப்பிக்கொண்டே.