சவரக்கத்தி பிடித்த மருமகன்

"பொண்ணு தரமாட்டேன்னா காரணத்தைச் சொல்லுலே! இப்படி முழிச்சுக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்?"

ஜானகியம்மாளின் சத்தம் இடைசெவல் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. எதிரே அவள் தம்பி அழகிரிசாமி, பருத்தி போடுகிற நல்ல கரிசல்காட்டுச் சம்சாரி, வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஜாதகம் சரியில்லக்கா."

"போன தை வரைக்கும் சரியா இருந்த ஜாதகத்தைக் கறையானா அரிச்சுது?"

அன்றைக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் சோறு பொங்கவில்லை. எல்லாரும் வாசலில்தான்.

ஜானகியம்மாளின் மகன் திருப்பதி சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்றான். நின்றான் என்று சொல்வதற்கில்லை. பெடலை முன்னால் சுற்றுவான், பின்னால் சுற்றுவான், கால் தரையில் பாவவில்லை. மாமன் மகள் சுதாராணி தனக்குத்தான் என்று நினைத்தே மீசை வளர்த்தவன். அவள் கைநழுவுகிற காரணம் அந்தத் தெருவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமன். மற்றவன் அவனே.

கோவில்பட்டி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் பயிற்சி அவனுக்கு. 'பாதி டாக்டர்' என்று ஜானகியம்மாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். மீதிப் பாதியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. கத்தரி, இடுக்கிகளை ஆவியில் அவித்து எடுக்கணும், தட்டில் அடுக்கணும், டாக்டர் கை நீட்டுமுன் எடுத்துக் கொடுக்கணும். அதற்கெல்லாம் முன்னால், அறுக்கப்போகிற இடத்தை மழித்துத் துடைக்கணும். புதுசாக வந்தவன் தலையில்தான் அது விடியும்.

மாசி மாசம், பருத்தி விலை கேட்க விருதுநகர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அழகிரிசாமி கோவில்பட்டியில் வந்து படுத்தார். வேட்டிக்குள் பல வருஷமாக ஒளித்து வளர்த்த வீக்கம் அவருக்கு. மருமகன் பயில்வது வேறு ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தார். பாவம், ஆள் பற்றவில்லை என்று அந்த வாரம் பயிற்சிப் பையன்களை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

சோப்புத் தண்ணியும் சவரக்கத்தியுமாக உள்ளே போன திருப்பதி, படுத்திருப்பது மாமன் என்று கண்டான். தொப்பி இருக்கிறது, முகமூடி இருக்கிறது, வாய் திறக்காமல் முடித்துவிடலாம் என்று பார்த்தான். முக்கால்வாசி முடித்தும்விட்டான். மாமன் லேசாக நெளியவும், பழக்கதோஷம்.

"அசையாதீங்க மாமா."

அழகிரிசாமி கண்ணைத் திறந்தார். மூடினவர், ஆபரேஷன் முடியும்வரை திறக்கவில்லை.

'தியேட்டர்ல பாத்தது தியேட்டரோட போகணும்' என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள். சொன்னால் மாமன் மானம் போகும், சொல்லாவிட்டால் சுதாராணி போவாள். பெடல் சுற்றிக்கொண்டேயிருந்தது.

சுதாராணியே உள்ளேயிருந்து வாசலுக்கு வந்துவிட்டாள். தெலுங்கு பேசுகிற அந்த வீடுகளில் அத்தானைப் பாவா என்பார்கள். "பாவா, நீயாவது சொல்லு. உனக்குத் தெரியும்னு உன் மூஞ்சியே சொல்லுது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஜானகியம்மாள் விடுவாளா? "என் மகன் கைக்கு என்னலே குறைச்சல்? டாக்டருக்கே கத்தி எடுத்துக் குடுக்குத கை!"

"அந்தக் கைதான் என்னை எங்கன எல்லாம் மழிச்சிருக்கு தெரியுமாக்கா? நாளைக்கு அவன் எதுத்தாப்புல இலை போட்டு உக்காந்தா எனக்குச் சோறு இறங்குமா?"

யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது, கல்யாணத்தை முடியுங்கள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அழகிரிசாமிகூட இளகினார். மாட்டேன் என்றவள் சுதாராணிதான். "அத்தனை பேருக்கு முன்னால கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னுட்டான். ஆயுசுக்கும் இவன் வாயை நான் நோண்டிக்கிட்டு இருக்கவா?" திருப்பதி அவள் தெருவழியே தினமும் சைக்கிளில் போய் வந்தான். பெல் அடித்ததோடு சரி.

ஆவணியில் அவளைப் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற ரெங்கராஜுக்குக் கொடுத்தார்கள். சாப்பிட்ட குழம்பைக்கூடத் தெருமுனைவரை சொல்லிவிட்டு வருகிற ஆள். திருப்பதி கோயம்புத்தூர் போய், கூட வேலை பார்த்த ஓட்டப்பிடாரத்து நர்ஸ் மாரிச்செல்வியைக் கட்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியைப் பற்றி மூச்சுவிடுவதில்லையாம். அங்கே மூணு மாசம் இருந்து பார்த்த ஜானகியம்மாள், "அது ஒரு வீடா? சத்தம் போட ஒரு ஆள் உண்டா?" என்று இடைசெவலுக்கே திரும்பி, தம்பி வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறிவிட்டாள்.